பத்து இராகங்கள், ஒரு டிஸ்கோ தாளம்: சரண்ஜித் சிங்கும் 'முன்னோடி' என்னும் பட்டமும்

2010-ஆம் ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த 'பாம்பே கனெக்‌ஷன்' என்னும் சிறு வெளியீட்டகம், மறக்கப்பட்டிருந்த இந்திய இசைத்தட்டு ஒன்றை மறுவெளியீடு செய்தது. பம்பாய்த் திரையிசையில் வாத்தியக் கலைஞராக விளங்கிய சரண்ஜித் சிங் 1982-இல் பதிவுசெய்த அத்தட்டின் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. அதைக் கேட்ட மேலைநாட்டு நடன இசை ரசிகர்கள் திகைத்தனர். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1980-களின் இடைப்பகுதியில் உருவானதாக அவர்கள் அறிந்திருந்த 'ஆசிட் ஹவுஸ்' இசையின் ஒலி, அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பம்பாயில் பதிவாகியிருந்தது. இது அண்மையில் எவரோ செய்து பழையதெனக் காட்டும் புனைவு என்று சிலர் ஐயுற்றனர். ஐயம் நீங்கியபின், ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் என்னும் பட்டம் சரண்ஜித் சிங்குக்குச் சூட்டப்பட்டது.

பட்டம் பெருமைக்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் அது இந்தியக் கலைஞர் ஒருவரின் உழைப்பை, அவர் கேட்டிராத, அவருக்குப் பின்னர் தோன்றிய ஓர் இசைவகையின் முன்னுரையாக்கிவிடுகிறது. எந்த மரபிலிருந்து அத்தட்டு பிறந்தது என்னும் வினா அதனால் எழாமலே போகிறது.

ஒலியின் ஒற்றுமைக்குக் காரணம் வெளிப்படையானது. இரு நகரங்களிலும் பயன்பட்டது ஒரே பொறி. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட டி.பி.-303, துணைக்கு ஆளின்றித் தனியே பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞர்களுக்கு பேஸ் கிட்டாரின் இடத்தை நிரப்புவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதன் ஒலி உண்மையான பேஸ் கிட்டாரை ஒத்திருக்கவில்லை. வணிகத்தில் தோல்வியுற்று 1984-இல் உற்பத்தி நின்றது. பின்னர்ப் பழைய பொருள் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைத்த அப்பொறி, சிகாகோவின் கறுப்பின இளைஞர்களின் கைக்குச் சென்றது. சரண்ஜித் சிங்கோ அதனை அதே நிறுவனத்தின் டி.ஆர்.-808 டிரம் மெஷினோடும் ஜூபிடர்-8 சிந்தசைசரோடும் இணைத்து, தொழில்முறைக் கலைஞருக்குரிய நோக்கத்தோடு பயன்படுத்தினார்.

அப்பொறி இராக இசைக்குப் பொருந்தியதற்கு இசையியல் சார்ந்த காரணங்கள் உண்டு. டி.பி.-303-இல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி இருந்தது. இந்துஸ்தானி மரபின் மீண்டையும் கருநாடக மரபின் ஜாருவையும் முழுமையாக ஈடுசெய்ய இயலாவிடினும், பியானோ போன்ற கருவிகள் தர இயலாத ஒரு நெகிழ்வை அது தந்தது. மேலும், இராகம் மேற்கத்திய இசையைப் போல கார்டுகள் மாறிச்செல்வதை வேண்டுவதில்லை. ஆதார சுருதி ஒன்றே நிலைத்திருக்க, அதன்மேல் சுரங்கள் விரிகின்றன. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப இசைக்கும் பொறிக்கு இதைவிட இசைவான இலக்கணம் வேறொன்று கிடைப்பது அரிது. ஆசிட் ஹவுஸும் கார்டு மாற்றங்களைப் பெரும்பாலும் தவிர்த்த இசையே. கேட்போர் உணரும் உறவு இவ்விடத்தில்தான் அமைகிறது.

வேறுபாடு இதனினும் முக்கியமானது. ஃபியூச்சர் குழுவினரின் 'ஆசிட் டிராக்ஸ்' 1987-இல் வெளிவந்தது. அதில் பொறியின் திருகுகளைத் திருப்பத் திருப்ப ஒலியின் நிறம் மாறுகிறது; அந்த மாற்றமே இசையின் உள்ளடக்கம். சரண்ஜித் சிங்கின் தட்டில் டி.பி.-303 பெரும்பாலும் துணைநிற்கிறது. முதன்மை, ஜூபிடர்-8-இல் அவர் வாசிக்கும் இராகத்துக்கே உரியது. யமனும் மால்கௌன்ஸும் அவர் கையில் சிதையவில்லை. கல்யாணியையும் இந்தோளத்தையும் அறிந்த தமிழ்ச் செவி அவற்றின் சாயலை உடனே இனங்கண்டுகொள்ளும். அவர் துணிந்து மாற்றியவை தாளமும் காலமுமே. தபலா விலக்கப்பட்டு, சீரான நான்கு தட்டுகள் அதன் இடத்தைப் பெற்றன. விடியலுக்கு முந்தைய லலித், முற்பகலின் தோடி, மழைக்கால மேக மல்ஹார், நள்ளிரவின் மால்கௌன்ஸ் ஆகிய யாவும் தத்தம் பொழுதுகளைத் துறந்து ஒரே நடன இரவுக்குள் வந்தன. மணிக்கணக்கில் விரியக்கூடிய இராகம் ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்குள் அடங்கியது.

இத்துணிவுக்கு வேர் பம்பாயின் ஒலிப்பதிவுக் கூடங்களில் உள்ளது. அங்கே பஞ்சாபியரும் கோவாவைச் சேர்ந்த கிறித்தவரும் பார்சிகளும் வங்காளியரும் ஒருங்கே அமர்ந்து, காலையில் கஜலும் மாலையில் காபரே நடனப் பாடலும் வாசித்தனர். 1968-இலேயே சங்கர்–ஜெய்கிஷன், ரயீஸ் கானின் சிதாரோடு 'ராகா ஜாஸ் ஸ்டைல்' என்னும் தட்டில் இராகங்களை ஜாஸ் தாளத்தோடு இணைத்திருந்தனர். கெர்சி லார்ட் போன்றோர் 1970-களிலேயே மின்னணுக் கருவிகளைத் திரையிசைக்குள் கொண்டுவந்திருந்தனர். 1980-இல் 'குர்பானி' படத்துக்காக பித்து இசையமைத்து நாசியா ஹசன் பாடிய பாடலும், 1981-இல் வெளிவந்த 'டிஸ்கோ தீவானே' தொகுப்பும், 1982-இல் பப்பி லஹிரி இசையமைத்த 'டிஸ்கோ டான்சர்' படமும் நாடெங்கும் டிஸ்கோவைப் பரப்பின. திரையிசை முழுவதும் டிஸ்கோவாக இருந்த அந்நாளில், அதே தாளத்தைக் கொண்டு வேறொன்று செய்து பார்க்கலாம் என்று எண்ணியதாகவே சரண்ஜித் சிங் பிற்காலப் பேட்டிகளில் விளக்கினார். 'ராகா ஜாஸ் ஸ்டைலின்' அடுத்த படியாக அவருடைய தட்டை வைத்துப் பார்த்தால் அதில் புதிர் எதுவும் இல்லை.

எனினும் அத்தட்டு விற்பனையில் தோற்றது. இதற்கு விடை நடனம் நிகழ்ந்த இடத்தில் இருக்கிறது. சிகாகோவின் 'மியூசிக் பாக்ஸ்' கூடத்தில், கறுப்பினத்தவரும் தன்பாலீர்ப்பினரும் தமக்கென அமைத்துக்கொண்ட இரவுகளில், டி.ஜே. ரான் ஹார்டி 'ஆசிட் டிராக்ஸை' அது தட்டாக வெளிவருமுன்னரே திரும்பத் திரும்ப ஒலிக்கச்செய்தார். முதலில் தயங்கிய கூட்டம் பின்னர் அதை ஏற்றது. அந்த ஏற்பே ஓர் ஒலியை ஓர் இசைவகையாக்கியது. பம்பாயில் டிஸ்கோ கூடங்கள் நட்சத்திர விடுதிகளுக்குள் அடங்கியிருந்தன. பெருந்திரளான மக்கள் ஆடியது திருமண ஊர்வலங்களிலும் கணபதி விழாக்களிலும். அங்கே ஒலித்தவை திரைப்பாடல்கள். சொல்லும் நடிகர் முகமும் இல்லாத வாத்திய இசைக்கு அந்த ஊர்வலத்தில் இடம் கிடைக்கவில்லை. பொறி இருந்தது, கலைஞர் இருந்தார். அவ்விசைக்கு ஆடும் கூட்டம் மட்டும் இல்லை. ஓர் இசைவகை தனியொருவரின் கண்டுபிடிப்பாக இராமல் ஒரு சமூகத்தின் பழக்கமாகவே பிறக்கிறது என்பதால், சிகாகோவின் உரிமையைப் பம்பாய்க்கு மாற்றி எழுதுவது இரு நகரங்களுக்கும் நீதியாகாது.

இந்த இடத்தில் ரசிகரின் பங்கு குறிப்பிடத்தக்கது. 2002-இல் தில்லியில் இத்தட்டைக் கண்டெடுத்து, பின்னர் மறுவெளியீடு செய்த எடோ பௌமன், பழைய இந்தித் திரையிசையின் மேல் கொண்ட காதலால் தட்டுகளைத் தேடியவர். இந்தியப் பல்கலைக்கழகமோ ஆவணக்காப்பகமோ செய்யாததை ஒரு ரசிகரின் ஆர்வம் செய்தது. அதே ரசிகருலகம் தனக்குத் தெரிந்த வரலாற்றின் அளவுகோலையும் உடன் கொண்டுவந்தது. காதல் காப்பாற்றியதைக் காதலே தவறாகப் பெயரிடவும் கூடும். அதைத் திருத்தும் கடமை ஆய்வாளருடையது.

திரைப்படப் பெயர்ப்பட்டியலில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும். இசைக்குழுவில் வாசித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆர்.டி. பர்மன் உள்ளிட்டோரின் இசைக்குழுக்களில் பல்லாண்டுகள் வாசித்த சரண்ஜித் சிங், மறுவெளியீட்டுக்குப் பின்னர் ஐரோப்பிய மேடைகளில் அந்த இராகங்களை மீண்டும் வாசித்து, 2015 ஜூலையில் மும்பையில் மறைந்தார். அவரோடு அந்தக் கூடங்களில் அமர்ந்த நூற்றுக்கணக்கானோருக்கு 'முன்னோடி' என்னும் பட்டம்கூட வாய்க்கவில்லை. மேலைநாட்டு இசை எதனையும் அவர்கள் தற்செயலாக முந்தவில்லை. எதையும் முந்தாத கலைஞரின் பெயரையும் பதிவுசெய்யத் தொடங்கும் நாளில்தான் இந்திய நடன இசையின் வரலாறு தன் சொந்தக் காலில் நிற்கும்.