துக்கத்தின் காலக்கணக்கும் சீர்திருத்தச் சபைகளும்

யாக்கோபு மரித்தபோது எகிப்தியர் அவனுக்காக 70 நாள் துக்கங்கொண்டாடினர், யோர்தானுக்கு அப்பால் யோசேப்பு 7 நாள் துக்கங்கொண்டாடினான் (ஆதி. 50). மரணம் ஒன்று, கணக்குகள் இரண்டு. துக்கம் மனிதகுலம் அனைத்திற்கும் பொதுவானது. அதன் கால அளவையும் வடிவத்தையும் வகுப்பதோ அவ்வச் சமுதாயத்தின் பண்பாடே. அவ்வடிவம் அகற்றப்படும்போது துக்கிப்போர் நிலை என்னாகும்? திருச்சபையின் வரலாறே இதற்குச் சான்று பகர்கிறது.

இடைக்கால மேற்குத் திருச்சபையில் அடக்கத்தோடு துக்கமுறை முடிவுறவில்லை. 7-ஆம் நாளிலும் 30-ஆம் நாளிலும் ஆண்டு நாளிலும் மரித்தோருக்காகப் பூசைகள் நடைபெற்றன. 1000-ஆம் ஆண்டையொட்டிக் குளூனி மடத்தலைவர் ஓடிலோ தம் மடங்களில் ஏற்படுத்திய நவம்பர் 2-ஆம் நாள் நினைவு, காலப்போக்கில் மேற்குத் திருச்சபை எங்கும் பரவியது. இவற்றிற்கு அடிப்படையாயிருந்தது உத்தரிக்கும் ஸ்தலத்தைப் பற்றிய நம்பிக்கை. அதைச் சார்ந்து எழுந்த பாவமன்னிப்புச் சீட்டு வாணிபத்தையே லூத்தர் 1517-இல் எதிர்த்தார்.

இங்கிலாந்தில் 1547-ஆம் ஆண்டுச் சட்டம், மரித்தோர் பூசைக்கென விடப்பட்ட அறக்கட்டளைகளைக் கலைத்தது. 1549-ஆம் ஆண்டு ஜெபபுத்தகத்தின் அடக்க ஆராதனையில் குரு மரித்தவரையே முன்னிலைப்படுத்திப் பேசினார். 1552-ஆம் ஆண்டுப் புத்தகத்திலோ அவர் சுற்றி நிற்போரை நோக்கி மட்டுமே பேசுகிறார். 1645-இல் பாராளுமன்றம் ஏற்ற ஆராதனை ஒழுங்கு, எவ்விதச் சடங்குமின்றி உடலை உடனே அடக்கம்பண்ணுமாறு பணித்தது. ஒரு நூற்றாண்டிற்குள் மரித்தோருக்கும் உயிரோடிருப்போருக்கும் இடையே நின்ற சொற்களெல்லாம் மறைந்தன.

உபதேசம் திருத்தப்பட்டது நன்றே. ஆயினும் உபதேசத்தைத் திருத்துவதால் கண்ணீர் வற்றிவிடுவதில்லை. 1732-இல் ஹெர்ன்ஹூட் மொராவிய சகோதரர் உயிர்த்தெழுந்த திருநாளின் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடினர். இவ்வழக்கம் மொராவிய சபைகளில் நிலைத்தது. 1816-இல் பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம், திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமையை மரித்தோர் நினைவுநாளாக நியமித்தார். இன்றும் ஜெர்மன் சுவிசேஷ சபைகள் பலவற்றில், அவ்வாண்டில் மரித்தோரின் பெயர்கள் அன்று வாசிக்கப்படுகின்றன. ஒரு வாயில் அடைபட்ட இடத்தில் சபை வேறொரு வாயிலைத் திறந்ததை இங்கே காண்கிறோம்.

என் ஊழியத்தின் தொடக்க நாட்களில் ஒரு தாய், தன் மகன் மரித்து ஓராண்டு நிறைந்த நாளில் கல்லறையண்டை வந்து ஜெபிக்கும்படி என்னை வேண்டினாள். மரித்தோருக்காக ஜெபிப்பது நம் உபதேசமன்று எனக் கூறி மறுத்தேன். அவள் மறுபடியும் கேட்கவில்லை. மரித்தவனுக்காக ஜெபிப்பது வேறு, துக்கிப்பவளோடு ஜெபிப்பது வேறு என்னும் பகுத்தறிவு அன்று எனக்கு இல்லாமற்போயிற்று. நம் ஜனங்கள் 16-ஆம் நாளும் ஆண்டு நாளும் எண்ணும் பண்பாட்டில் வளர்ந்தவர்கள். அந்நாட்களில் போதகர் விலகி நின்றாலும் அவர்களுடைய துக்கம் நிற்பதில்லை. அது சபைக்குப் புறம்பே தன் வழியைத் தேடிக்கொள்கிறது. லாசருவின் கல்லறையண்டையில் கண்ணீர்விட்ட ஆண்டவரின் ஊழியர், உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைச் சொல்லத்தக்க இடமும் நாளும் அவையே என்று உணர்வாராக.