பெயரும் பொருளும்



திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணி ஆற்றங்கரையில் பெரியபாளையம் என்னும் ஊர் உள்ளது. அங்குக் கோயில் கொண்டிருப்பவள் பவானி அம்மன். ஆடி ஞாயிறுகளில், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் உழைப்போரும் சுற்றுப்புறத்து உழவர்களும் அங்கே திரளுவர். வேப்பிலையை ஆடையாக உடுத்து வலம்வந்த பெண்களைக் கண்டு நின்ற எனக்கு ஒரு வினா எழுந்தது: இவர்கள் அழைக்கும் இப்பெயர் எங்கிருந்து வந்தது?

இலக்கணம் ஒரு விடை கூறுகிறது. பவன் என்பது சிவபெருமானின் வடமொழிப் பெயர்களுள் ஒன்று. இந்திரன் மனைவி இந்திராணி. ருத்திரன் மனைவி ருத்திராணி. அவ்வாறே பவன் மனைவி பவானி. ஏறத்தாழ 2,400 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த பாணினி, இம்மூன்றையும் ஒரே விதியில் அடக்கிக் காட்டினார்.

கவிஞர் தரும் விடை வேறு. 'பவானி' என்னும் ஒலிக்கு வடமொழியில் 'நான் ஆகுக' என்றும் பொருள் உண்டு. ஆதிசங்கரர் இயற்றியதாகப் போற்றப்படும் சௌந்தரியலகரி இதைப் பற்றிக்கொள்கிறது. அடியவன் ஒருவன் 'பவானி, நீ' என்று வேண்டத் தொடங்குகிறான். அச்சொற்களே 'நான் நீயாக ஆகுக' என்றும் ஒலிக்கின்றன. அவன் வேண்டுகோளை முடிக்குமுன் அன்னை தன் நிலையையே அவனுக்கு அளித்துவிடுகிறாளாம்!

கிரேக்கரும் இவ்வாறே தம் தெய்வப் பெயர்களை ஆராய்ந்தனர். அதீனா என்னும் பெயருக்குத் 'தெய்வ அறிவு' என்று பொருள் கூறும் விளக்கமொன்று பிளேட்டோவின் கிராட்டிலஸ் நூலில் வருகிறது. பின்னர், கிரீட் தீவின் களிமண் ஏடுகளை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்தார். அவற்றுள் ஒன்றில் 'அதானாவின் தலைவி' எனக் கொள்ளத்தக்க தொடர் காணப்படுகிறது. ஊரின் பெயரே தேவிக்கு வந்திருக்கலாம் என்பது இன்றைய அறிஞர் பலரின் கருத்து.

அவ்வாறாயின் பிளேட்டோவின் நூல் கூறும் விளக்கம் வீணா? அன்று. பெயர் பிறந்த வரலாறு வேறு. மக்கள் அதனுள் நிரப்பிய பொருள் வேறு. முன்னதைச் சான்று கொண்டு தேடவேண்டும். பின்னதை வழங்குவோரிடம் கேட்கவேண்டும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதே பிழை.

இலக்கணப்படி பவானி ஒருவரின் மனைவி. ஆனால், பெரியபாளையத்தில் வேப்பிலை உடுத்து நின்ற பெண்கள் அப்பெயரால் அழைத்தது தம் தாயை அன்றோ?