கல்லுக்குள் மறைந்த கோடு

பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயிலின் முன் நிற்பவர் காண்பது பாறையில் எழுந்த உருவத்தையே. உளி படுமுன் சிற்பி கல்மேல் கோடு கிழித்துக்கொள்வது வழக்கம். வேலை முடிந்ததும் அக்கோடு மறைந்துவிடுகிறது. ஆயினும் உருவத்தின் ஒழுங்கு அதிலிருந்தே பிறந்தது.

புகைப்படக் கலையில் உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோனின் (1908–2004) வாழ்விலும் அத்தகைய கோடு ஒன்று உண்டு. 1927இல் அவர் பாரிஸில் ஓவியர் ஆந்த்ரே லோத்தின் மாணவரானார். பொருள்களைத் தளங்களாகவும் கோணங்களாகவும் பிரித்துக் காணும் கியூபிச நெறியில் தேர்ந்தவர் லோத். தம் தொடக்ககாலப் படைப்புகளில் நிறைவு காணாத மாணவரோ, அவற்றுள் பலவற்றைத் தாமே அழித்துவிட்டார். 1932ஆம் ஆண்டளவில் லைக்கா கேமரா அவர் கைக்கு வந்தது.

1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். இரமண மகரிஷியின் இறுதி நாள்களைப் படம் பிடித்தார். எடுத்த படத்தின் ஓரங்களைப் பின்னர் வெட்டிச் சீராக்குவதை அவர் விரும்பியதில்லை. பொத்தானை அழுத்தும் நொடியிலேயே ஒழுங்கு அமைந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்குக் கண்ணைப் பழக்கியது லோத்தின் வகுப்பே. 1970களின் தொடக்கத்தில் கேமராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, மீண்டும் பென்சிலைக் கையில் எடுத்தார்.

இளமையில் கற்றுக் கைவிட்டவற்றை வீண் என்று எண்ணி நாமும் வருந்துகிறோம். அவர் அழித்த தாள்கள் திரும்பவில்லை. அவை பழக்கிய பார்வையோ இறுதிவரை அவருக்கு உதவியது.