போன வருஷம் வந்த ஃப்ளூவை உங்கள் நுரையீரல் எவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்கும்?

கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. கூடவே காய்ச்சல் சீசனும் வந்துவிடும். கரமனையில் தங்கி டெக்னோபார்க்குக்கு பஸ் ஏறுபவரா நீங்கள்? அப்போ உங்களுக்கே தெரியும்: ஆபீஸில் ஒருவர் இருமினால், அடுத்த வாரம் பாதி டீம் லீவு. "போன வருஷம்தானே வந்தது, மறுபடியும் எப்படி?" என்று கேட்டிருப்பீர்கள். அதற்கான பதிலில் பெரும்பகுதி ஆய்வகச் சுண்டெலிகளிடமிருந்து கிடைத்தது.

உடம்பு எதை நினைவில் வைக்கிறது?

பி செல்கள் ஆன்டிபாடி தயாரிக்கின்றன. ஆன்டிபாடி முக்கியமாகப் பிடிப்பது வைரஸின் மேற்பரப்பை. ஃப்ளூ வைரஸ் அடிக்கடி மாற்றிக்கொள்வதும் அதைத்தான். டி செல்கள் வேறு ரகம். வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்து அழிப்பது அவற்றின் வேலை. வைரஸின் உள்பகுதிப் புரதங்களையும் அவை அடையாளம் காணும். அவை அவ்வளவாக மாறுவதில்லை. டி செல்கள் இப்படி அடையாளம் காணும் விதத்தைச் சுண்டெலிகளில் கண்டறிந்த பீட்டர் டோஹர்டி, ரோல்ஃப் ஜிங்கர்நாகல் இருவருக்கும் 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நுரையீரலுக்கென்றே தனிக் காவலா?

ஆமாம். டோனா ஃபார்பர் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ளூ வந்து தேறிய சுண்டெலிகளின் நுரையீரலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் நினைவு டி செல்களை எடுத்து, நோயே வராத சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். நுரையீரலிலிருந்து வந்தவை நேராக நுரையீரலுக்கே போய்த் தங்கின. கடுமையான தொற்றிலிருந்து காப்பாற்றவும் செய்தன. மண்ணீரல் செல்களால் அந்த அளவுக்கு முடியவில்லை. ரத்தத்தில் சுற்றும் செல் வந்துசேர நேரமாகும். வாசலிலேயே இருக்கும் செல் உடனே வேலையைத் தொடங்கிவிடும்.

அப்புறம் ஏன் மறுபடியும் காய்ச்சல்?

இந்தக் காவலர்கள் நிரந்தரமாகத் தங்குவதில்லை. சுண்டெலி நுரையீரலில் இவற்றின் எண்ணிக்கை சில மாதங்களிலேயே சரிகிறது. வேறு வகை ஃப்ளூவுக்கு எதிரான பாதுகாப்பும் கூடவே குறைகிறது. மூக்கில் தங்கும் டி செல்கள் நுரையீரலில் இருப்பவற்றைவிட நீண்ட காலம் நீடிப்பதாக 2017-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

மூக்கு வழித் தடுப்பூசி ஏன்?

கையில் போடும் ஊசி ரத்தத்தில் ஆன்டிபாடியைப் பெருக்கும். சுவாசப்பாதையில் தங்கும் செல்களைப் பெரிதாக உருவாக்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய மூக்கு வழி கோவிட் தடுப்பூசி, சுண்டெலிகளின் நுரையீரலில் அந்தச் செல்களை உருவாக்கியதாக 2020-ல் ஆய்வு வெளியானது. அதே தொழில்நுட்பத்தில் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்த 'இன்கோவாக்' 2022 செப்டம்பரில் அவசர அனுமதி பெற்றது. 2023 ஜனவரி 26-ல் அறிமுகமானது.

சுண்டெலிக்குச் சரி, மனுஷனுக்கு?

இங்கேதான் கவனம் தேவை. ஆய்வகச் சுண்டெலி கிருமி அண்டாத கூண்டில் வளர்வது. அதன் எதிர்ப்பு மண்டலம் பெரியவர்களைவிடப் பச்சிளம் குழந்தையுடையதை ஒத்திருப்பதாகவும், கடையில் வாங்கிய சுண்டெலியே பெரியவர்களுக்கு நெருக்கமாக இருப்பதாகவும் 2016-ல் ஒரு ஆய்வு சொன்னது. நீங்களோ சின்ன வயதிலிருந்து பல ஃப்ளூக்களைப் பார்த்தவர். அதனால் சுண்டெலியின் மாதக் கணக்கை அப்படியே உங்களுக்குப் போட்டுப் பார்க்க முடியாது.

ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: சுவாசப்பாதையின் நினைவு மங்கும், வைரஸும் வேஷம் மாற்றும். ஃப்ளூ தடுப்பூசியின் கலவையை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை மறுபரிசீலனை செய்வது வைரஸின் இந்த மாற்றத்தால்தான். "எனக்குத்தான் ஏற்கெனவே வந்துடுச்சே" என்பது அடுத்த மழைக்கு முழு உத்தரவாதம் ஆகாது.