அகத்தியர் மலைக்குப் போறீங்களா? குளிரில் நிம்மதியாகத் தூங்க எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

டெக்னோபார்க்கில் வேலை, திருவனந்தபுரத்தில் வாடகை வீடு, ஜனவரியில் அகத்தியர் மலை ஏறும் திட்டம். இது உங்கள் கதையென்றால் ஷூ, பேக், ரெயின்கோட் எல்லாம் ஏற்கெனவே உங்கள் பட்டியலில் இருக்கும். பலரும் கடைசியில் யோசிப்பது தூக்கத்தைப் பற்றித்தான்.

1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைக்குக் கேரள வனத்துறை வழக்கமாக ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரை அனுமதி தருகிறது. மூன்று நாள் பயணத்தில் முதல் நாள் போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை நடக்க வேண்டும். மறுநாள் காலையில் உச்சிக்கு ஏற்றம், வழியில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய செங்குத்துப் பாறைகளும் உண்டு. முதல் நாள் இரவு சரியாகத் தூங்கவில்லை என்றால், அந்தப் பாறையில்தான் கால் தடுமாறும். அதனால் தூக்கத்தையும் பாதுகாப்புக் கணக்கில் சேருங்கள்.

எவ்வளவு குளிரும்?

பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். நகரத்தில் இரவு 22 டிகிரி என்றால், 1,000 மீட்டர் உயரத்தில் 16 டிகிரி அளவில் இருக்கும். 'இவ்வளவுதானா, ஆபீஸ் ஏசியே இதைவிடக் குளிருமே' என்று தோன்றும். ஆனால் ஆபீஸில் நீங்கள் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருப்பதில்லை. ஈர உடையும் காற்றும் சேர்ந்தால் உடல் வெப்பம் வேகமாக வெளியேறும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம். பனி இல்லாத மலையிலும் இது நடக்கலாம்.

முதலில் வாங்க வேண்டியது எது?

பாய்தான். ஸ்லீப்பிங் பேக் அதற்கு அடுத்துதான். போர்வையோ பேக்கோ, அதில் அடைபட்ட காற்றுதான் வெப்பத்தைக் காக்கிறது. நீங்கள் படுத்ததும் முதுகுக்குக் கீழே உள்ள பகுதி நசுங்கி, காற்று வெளியேறிவிடும். அப்புறம் தரை உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேக்காக இருந்தாலும் கீழே பாய் சரியில்லை என்றால் குளிரத்தான் செய்யும்.

பாய் தரையின் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதை 'ஆர்-வேல்யூ' என்ற எண் சொல்கிறது. எண் கூடினால் தடுப்பும் கூடும்.

• கோரைப்பாய்: சித்திரை வெயிலுக்கு அருமை, குளிர்ந்த தரைக்குப் போதாது. இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.
• யோகா மேட்: மெல்லியது. கீழே விரிக்கும் இரண்டாவது அடுக்காக உதவும்.
• மடிக்கும் ஃபோம் மேட்: ஆர்-வேல்யூ சுமார் 2. எடை குறைவு, ஓட்டை விழுமோ என்ற பயம் இல்லை. நம் மலைகளுக்கு இதுவே போதும்.
• காற்றடிக்கும் மேட்: ஒருக்களித்துத் தூங்குபவர்களுக்கு இடுப்பு வலிக்காது. உள்ளே இன்சுலேஷன் இல்லாத மலிவு ரகத்தைத் தவிர்க்கலாம்.

ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தால் இரண்டின் ஆர்-வேல்யூவையும் கூட்டிக்கொள்ளலாம். கையில் இருக்கும் யோகா மேட்டோடு ஒரு ஃபோம் மேட் சேர்ந்தாலே வேலை முடிந்தது.

ஸ்லீப்பிங் பேக்கில் எந்த எண்ணைப் பார்ப்பது?

ஐ.எஸ்.ஓ 23537 தரப்படி சோதித்த பேக்குகளில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என மூன்று வெப்பநிலைகள் இருக்கும். விளம்பரத்தில் சில சமயம் கடைசி எண்ணையே பெரிதாகப் போடுவார்கள். அது தூங்குவதற்கான அளவே இல்லை, உயிர் தப்புவதற்கான எல்லை. நீங்கள் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். இந்த மலைக்கு 10 டிகிரி கம்ஃபர்ட் போதும். இமயமலைக்கான மைனஸ் 10 பேக்கை வாங்கினால் நள்ளிரவில் வியர்த்து, விடியலில் நடுங்குவீர்கள்.

டவுனா, சிந்தெட்டிக்கா? வாத்து இறகு நிரப்பிய டவுன் பேக் லேசானது, ஆனால் நனைந்தால் சுருங்கிச் சூட்டைக் காக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப்பதத்துக்குச் சிந்தெட்டிக்தான் சரி, விலையும் குறைவு.

சாலைக் கடைத்தெருவில் என்ன வாங்கலாம்?

எல்லாவற்றையும் டிரெக்கிங் கடையில் வாங்க வேண்டியதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெரு, கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகும் தூரம்தான். தமிழ் வியாபாரிகள் தலைமுறைகளாக இருக்கும் இடம் என்பதால் பேரம் பேச மொழியும் தடையில்லை. பாய்க்குக் கீழே விரிக்க ஒரு சிறிய தார்பாய், துணி உலர்த்தக் கயிறு, ஒரு ஃப்ளீஸ் போர்வை ஆகியவற்றை இங்கே விசாரித்துப் பாருங்கள். பேக்கின் உள்ளே லைனராகப் போட, மூன்று பக்கம் தைத்த பழைய பருத்தி வேட்டி போதும். பேக் அழுக்காகாது, துவைப்பதும் சுலபம்.

டென்ட் வேண்டுமா?

வேண்டாம். அதிருமலையில் வனத்துறை முகாமில்தான் தங்க வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி சரணாலயத்துக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. இந்தக் கட்டுப்பாடுகளுக்குக் காரணம் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன.

படுக்கும் முன்

• நடந்த உடையை மாற்றிவிட்டு, தூங்க மட்டுமே வைத்திருக்கும் உலர்ந்த உடை, சாக்ஸ் போடுங்கள். அவற்றைத் தனி உறையில் நனையாமல் கொண்டுபோங்கள்.
• வெறும் வயிற்றில் படுக்காதீர்கள். சூடு உண்டாக்க உடலுக்கும் எரிபொருள் வேண்டும்.
• பேக்கை அரை மணி நேரம் முன்பே விரித்து உதறிவிடுங்கள். காற்று நிறைந்தால்தான் சூடு நிற்கும்.
• தலையைப் பேக்குக்குள் இழுத்து மூச்சு விடாதீர்கள், உள்ளே ஈரமாகும். குல்லா போதும்.
• பொது முகாம் என்பதால் குறட்டை நிச்சயம். காதடைப்பான் மறக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, கட்டிலை விட்டு இறங்கி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, வெறும் டைல்ஸ் தரையில் இதே பாயிலும் பேக்கிலும் ஓர் இரவு தூங்கிப் பாருங்கள். இடுப்பு வலிக்கிறதா, ஜிப் சிக்குகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். மாற்றி வாங்க இன்னும் ஒரு வாரம் கையில் இருக்கும்.