யாழ்ப்பாண நகரத்தின் குப்பையும் சோலைவரியும்

இலங்கையின் உள்ளூராட்சி மரபில், வீட்டுக் குப்பையை அகற்றும் செலவு தனிக் கட்டணமாகவன்றி, ஆதனத்தின்மீது விதிக்கப்படும் வரியினுள் அடங்கிய ஒன்றாகவே பெரும்பாலும் இருந்துவந்துள்ளது. மதிப்பீட்டு வரி எனப்படும் இதனை யாழ்ப்பாணத்தார் சோலைவரி என வழங்குவர். நிலத்துக்கும் வீட்டுக்கும் தாம் இறுக்கும் வரியாகவே பலரும் இதனைக் கருதுகின்றனர். தம் படலையிலிருந்து குப்பையை அள்ளிச் செல்லும் கைகளுக்கான கூலியும் இதனுள் அடங்கியுள்ளதென்பது எளிதிற் புலப்படுவதில்லை.

குடாநாட்டின் பழைய குடியிருப்பு முறையில் குப்பை வெளியேற்றப்பட வேண்டிய பொருளாக இருந்ததில்லை. ஆறுகளற்ற சுண்ணாம்புக்கல் நிலத்தில், ஆழங்குறைந்த மண்ணிற் புகையிலையும் காய்கறியும் விளைவித்த கமக்காரனுக்கு எரு இன்றியமையாதது. இலைகுழையும் சாணமும் சாம்பலும் தோட்டத்தைச் சேர்ந்தன. அடுக்களை நீர் வாழையடிக்குச் சென்றது. குப்பையைக் காசு கொடுத்து அகற்றுவித்தல் என்னும் எண்ணம், வளவு குறுகிக் கடையும் கந்தோரும் பெருகிய நகரத்தோடு வந்ததாகும்.

1865ஆம் ஆண்டின் மாநகரசபைக் கட்டளைச் சட்டம் கொழும்பு, கண்டி, காலி ஆகிய பெருநகரங்களுக்கே பயன்பட்டது. சிறு நகரங்களுக்கென 1876இற் சுகாதாரத்துக்கும் அபிவிருத்திக்குமான உள்ளூர்ச் சபைகள் வகுக்கப்பட்டன. சுகாதாரம் என்ற சொல் அச்சபைகளின் பெயரிலேயே இடம்பெற்றமை கருதத்தக்கது. யாழ்ப்பாணம் அத்தகைய சபையொன்றினைப் பெற்றது 1906இலாகும். அது 1921இல் நகர மாவட்டச் சபையாகவும், 1940இல் நகரசபையாகவும், 1949இல் மாநகரசபையாகவும் உயர்ந்தது. பெயர்கள் மாறின, வரியின் அடிப்படை மாறவில்லை.

அவ்வடிப்படையாவது ஆண்டுப் பெறுமதி. குறித்த வீட்டை வாடகைக்குக் கொடுப்பின் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என மதிப்பிட்டு, அதில் ஒரு வீதத்தைச் சபை வரியாக விதிக்கும். உதாரணமாக, ஆண்டுப் பெறுமதி 10,000 ரூபாவும் வரிவீதம் நூற்றுக்குப் பத்தும் ஆயின், வரி 1,000 ரூபா. காலாண்டுக்கு 250 ரூபா. முழுத் தொகையையும் சனவரி 31இற்கு முன் செலுத்துவோருக்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. முந்திய ஆண்டின் மதிப்பீட்டையே மீண்டும் ஏற்கச் சட்டம் இடமளிப்பதால், பழைய பெறுமதிகள் நெடுங்காலம் நிலைத்துவிடுவதுமுண்டு. வழிபாட்டிடங்களுக்கு விலக்குண்டு. நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா முடிந்தபின் அவ்வீதிகளைப் பார்த்தவர்கள், அவ்விலக்கின் சுமை யார்மீது சாய்கின்றது என ஒருகணமேனும் எண்ணியிருப்பர்.

குப்பைக்கெனத் தனிக் கட்டணம் வேண்டும் என்னும் வாதம் அண்மைக் காலத்தில் வலுத்துள்ளது. பெங்களூரில் 2025 ஏப்ரல் 1 முதல் வீடுகளின் ஆதனவரியோடு குப்பைக் கட்டணமும் சேர்த்தே அறவிடப்படலாயிற்று. 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு மாதம் 10 இந்திய ரூபாவும், 4,000 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 400 ரூபாவும் என அது படிமுறையாக அமைந்தது. ஆயின் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்னும் முறையை நம் உதாரணத்திற் பொருத்திப் பார்க்கலாம். மாதம் 100 ரூபா வீதம் ஆண்டுக்கு 1,200 ரூபா. 1,000 ரூபா வரி செலுத்திய சிறு வீட்டுக்கு இது அவ்வரியினும் மேற்பட்ட சுமை. 5,000 ரூபா செலுத்தும் மாடிவீட்டுக்கோ நாலிலொரு பங்கினுங் குறைவு. தலைவரியின் சாயலுடைய இம்முறையிலும் சோலைவரி நீதியானதே. எனினும் தனிக் கட்டணத்துக்கு ஒரு சிறப்புண்டு: எத்தொழிலுக்காகப் பணம் பெறப்படுகின்றது என்பதை அது வெளிப்படையாகக் கூறும்.

1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகரசபைகள் கட்டளைச் சட்டம், வீட்டுக் குப்பை உரிய காலத்தில் அகற்றப்படச் செய்வதைச் சபையின் கடமையாக்கியது. சேகரிக்கப்பட்ட குப்பை சபையின் உடைமை எனவும், சபை அதனை விற்கலாம் எனவும் கூறியது. குப்பைக்கு உடைமையாளர் வகுத்த சட்டம் செயற்பட்ட காலத்தில், அதனைச் சுமந்த தொழிலாளருட் பலருக்கு நாடே மறுக்கப்பட்டிருந்தது. துப்புரவுத் தொழிலுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வருவிக்கப்பட்டோரின் குடியிருப்பாகக் கண்டியின் மகியாவை அமைந்தது. அத்தகையோரையும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. யாழ்ப்பாணத்தில் வாளி மலசலகூடங்கள் வழக்கிலிருந்த காலத்தில் அத்தொழில் சாதியோடு பிணைந்திருந்தது. நீரடைப்பு மலசலகூடம் வந்து வாளி மறைந்தபின்னரும் துடைப்பமும் வண்டியும் பெரிதும் அதே குடும்பங்களின் கையிலேயே தங்கின. வரி செலுத்துவோர் அவர்களை அறிய வேண்டியிருக்கவில்லை. காலாண்டுத் தொகை கட்டப்பட்டது, குப்பை மறைந்தது.

மறைந்த குப்பை சென்று சேர்ந்த இடங்களுள் ஒன்று, மாநகர எல்லைக்கு அப்பால் நவாலிக்கு அண்மையிலுள்ள கல்லுண்டாய் வெளி. அப்பகுதி வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைக்குட்பட்டது. அங்கு மூண்ட தீயின் புகையையும் நாற்றத்தையும் எதிர்த்து அயற்கிராமத்தவர் பல தடவை குரலெழுப்பினர். அவர்கள் செலுத்தும் வரி வேறொரு சபைக்குரியது. நகரத்தின் ஆண்டுப் பெறுமதிக் கணக்கில் அவர்களுடைய கிணறுகள் இடம்பெறுவதில்லை.