லீஷ்மேனியாத் தடுப்பூசியும் இன்டர்லூக்கின்-12-உம்

மணல் ஈயின் கடியால் பரவும் லீஷ்மேனியா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியை 1903-இல் வில்லியம் லீஷ்மனும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவனும் தனித்தனியே கண்டறிந்து அறிவித்தனர். காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலை உண்டாக்கும் இனத்துக்கு அவ்விருவர் பெயரும் சூட்டப்பட்டது. தோலில் புண் ஏற்படுத்தும் இனங்கள் பரவியிருந்த மேற்காசியாவில், புண் ஆறியவருக்கு நோய் மீண்டும் வருவது அரிது என்பதை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்ததால், ஆடை மறைக்கும் இடத்தில் புண்ணின் நீரை வேண்டுமென்றே ஏற்றிக்கொள்ளும் வழக்கம் நிலவியது. நோயே தந்த இந்தக் காப்பை, கொல்லப்பட்ட ஒட்டுண்ணியால் ஆன தடுப்பூசிகளால் உறுதியாகத் தர இயலவில்லை.

இதன் காரணம் ஒட்டுண்ணியின் வாழிடத்தோடு தொடர்புடையது. கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய பெருவிழுங்கிச் செல்களுக்குள்ளேயே லீஷ்மேனியா குடியிருப்பதால், குருதியில் சுற்றும் எதிர்ப்புரதங்களால் அதை எளிதில் ஒழிக்க முடிவதில்லை. உதவி டி செல்கள் இரு வகைப்படும் என்பதை 1986-இல் மாஸ்மனும் காஃப்மனும் காட்டினர்: முதல் வகை காமா இன்டர்ஃபெரானைச் சுரந்து பெருவிழுங்கிகளின் கொல்லும் திறனைத் தூண்டுகிறது, இரண்டாம் வகை இன்டர்லூக்கின்-4-ஐச் சுரக்கிறது. ஆய்வக எலிகளில் முதல் வகை மேலோங்கிய இனங்கள் நோயிலிருந்து தேறின; இரண்டாம் வகை மேலோங்கிய இனம் மடிந்தது. தடுப்பூசியின் வீரியத்தைக் கூட்டச் சேர்க்கும் துணைப்பொருளாக 1926 முதல் அறியப்பட்ட அலுமினிய உப்போ, எலிகளில் பெரும்பாலும் இரண்டாம் வகையையே வளர்த்தது.

இந்நிலையில், 1989-இல் ஃபிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் டிரின்கியேரி குழுவினர் விவரித்த இன்டர்லூக்கின்-12 என்னும் சமிக்ஞைப் புரதம், முதல் வகைச் செல்களை உருவாக்கும் ஆற்றல் உடையது எனத் தெரியவந்தது. ஃபிலிப் ஸ்காட், டிரின்கியேரி உள்ளிட்டோர் 1994-இல் ஒட்டுண்ணியின் புரதங்களோடு இதைக் கலந்து, நோய்க்கு எளிதில் இரையாகும் எலிகளுக்குச் செலுத்தியபோது, அவை பின்னர் வந்த தொற்றை எதிர்த்து நின்றன. மறு ஆண்டே, சிஸ்டோசோமா புழுவின் முட்டைகளோடு இதே புரதத்தைச் சேர்த்துச் செலுத்தியதில், பின்னாளில் தொற்று ஏற்பட்ட எலிகளின் ஈரலில் தழும்புத் திசு பெருமளவு குறைந்தது.

ஆயினும் தடைகள் எழுந்தன. 1995-இல் சிறுநீரகப் புற்றுநோயாளர் 17 பேருக்கு இப்புரதத்தைச் சிகிச்சையாகச் செலுத்தியபோது, 12 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இருவர் இறந்தனர். தடுப்பூசிக்குத் தேவைப்படும் அளவு வேறானாலும், நலமானவர்களுக்குத் தரும் மருந்தில் இத்தகைய எச்சரிக்கையைப் புறக்கணிக்க இயலாது. மேலும், ஒட்டுண்ணியின் புரதத்தோடு இன்டர்லூக்கின்-12-ஐச் சேர்த்துச் செலுத்திய எலிகளில் காப்பு நீடிக்கவில்லை என்பது 1998-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது.

எனவே, சமிக்ஞை மூலக்கூறுகளை நேரடியாகச் செலுத்துவதைவிட, அவற்றை உடலே சுரக்கும்படி தூண்டும் துணைப்பொருள்கள் முன்னிலை பெற்றன. பாக்டீரியாவின் கொழுப்புக்கூறு ஒன்றின் நச்சைக் குறைத்து உருவாக்கிய அத்தகைய பொருளைக் கொண்ட ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியாத் தடுப்பூசியை, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது. இன்டர்லூக்கின்-12 தானே பொதுப் பயன்பாட்டுத் தடுப்பூசியாக மாறவில்லை. எனினும், ஒட்டுண்ணியின் எந்தக் கூறைச் செலுத்துவது என்பதற்கு இணையாக, உடலின் எதிர்ப்பை எத்திசையில் திருப்புவது என்பதும் முக்கியம் என நிலைநாட்டியதே அதன் வரலாற்றுப் பங்களிப்பாகும்.